பார்க்க முடியாது என்றேன்

ஏப்ரல் 8, 2019, திங்கள்

கஜா புயலில் பார்வையில்லாதோர் பயிற்சி மையத்தின் ஓடுகள் பறந்து, மழை இறங்கி, இருந்த கணினிகள் எல்லாம் வீணாய்ப் போயின. ஐந்து மாதம் கழித்து இன்றுதான் மூன்று கணினிகள் வந்து இறங்கின. சென்னையில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துக் கட்டியவை. பழசுதான், ஆனால் ஓடுகின்றன. பாலிடெக்னிக்கில் இத்தனை வருஷம் லேப் பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவனுக்குப் புதுக்கோட்டையில் இதைவிட நல்ல வேலை கிடைக்காது. சம்பளம் இல்லை, அதனால் மேலதிகாரியும் இல்லை.

மூன்றிலும் லினக்ஸ் போடுகிறேன். இலவசம். பார்வையில்லாதவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளும் அதிலேயே வருகிறது. தமிழும் வாசிக்கும், தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

முதல் கணினியின் நினைவு வட்டை இரண்டாகப் பிரித்தேன். சின்ன பாகம் சிஸ்டத்துக்கு, பெரிய பாகம் ஹோமுக்கு. ஹோம் என்பது ஒவ்வொரு பயனருக்கும் அவர் பெயரில் ஓர் அடைவு, அதாவது ஃபோல்டர். அவர் எழுதுவது, சேமிப்பது எல்லாம் அதற்குள் போகும். மற்ற இரண்டு கணினிகளும் இங்கிருந்தே ஹோமை எடுத்துக்கொள்ளும்படி இணைத்துவிட்டால் எதில் உட்கார்ந்தாலும் அவரவர் சாமான் அவரவருக்கு. நாளைக்கு சிஸ்டம் கெட்டு மறுபடி நிறுவினாலும் ஹோமில் கை வைக்க வேண்டியதில்லை.

நிறுவும்போது ஒரு கட்டம் வந்தது. ஹோமைக் குறியாக்கம் செய்து பூட்டவா என்று. பூட்டினால் அவரவர் கடவுச்சொல் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. கடவுச்சொல் மறந்தால் அத்தனையும் போச்சு. எனக்குத் தெரிந்த மனிதர்கள் எல்லாம் மறக்கிறவர்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 9

மோட்டாரில் கெப்பாசிட்டர் போய்விட்டது. குளிக்கவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

தினம் வருகிற மூன்று பேருக்கும் இன்று பயனர் கணக்கு. சவரிமுத்து, அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். ஹபீப், கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர். அழகம்மை, கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். அண்ணன் வீட்டில் இருக்கிறார். நாற்பது வயது இருக்கலாம்.

கடவுச்சொல் தட்டும்போது நான் திரும்பிக்கொள்வதாகச் சொன்னேன்.

"நெசமாத் திரும்பிட்டீங்களா சார்?" என்றார் சவரிமுத்து.

"திரும்பிட்டேன்."

"ஆமா, குரல் செவுத்துல பட்டு வருது. சரி, நம்பலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அழகம்மை சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறார்.

ஏப்ரல் 20, சனி

ஓட்டுப் போட்டு இரண்டு நாள் ஆகிவிட்டது, விரலில் மை கறுப்பாகவே இருக்கிறது. புனித வாரம் என்பதால் சவரிமுத்து வரவில்லை. ஹபீபுக்குக் கச்சேரி. அழகம்மை மட்டும் வந்திருந்தார். ஓட்டுப் போட்டாச்சா என்று கேட்டேன்.

"போட்டாங்க," என்றார்.

"போட்டாங்களா?"

"அண்ணிதான் கூட வந்தாங்க. மெஷின்ல பிரெய்ல் இருக்கு, நானே தடவிப் பாத்துப் போட்டுக்கறேன்னேன். வரிசை நிக்குது, சட்டுனு முடின்னு என் விரலைப் புடிச்சு அவங்களே அமுக்கிட்டாங்க."

"நீங்க நெனச்ச சின்னத்துலதானே?"

"அதையும் அவங்கதான் சார் சொல்லணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவரே பேசினார். அவருக்கு வரும் கடிதங்களை அண்ணன் படிப்பாராம். போனுக்கு வரும் செய்திகளை அண்ணி படிப்பாராம். மருந்துச் சீட்டைக் கடைக்காரர் உரக்கப் படிக்க, கடையில் நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்களாம். "இந்த வயசு வரைக்கும் எனக்கு மட்டும்னு ஒரு வரி கெடையாது சார்."

விசைப்பலகையைத் தடவிக்கொண்டே கேட்டார். "இதுல நான் எழுதுனா சவரி சாரோ ஹபீபோ தொறந்து பாக்க முடியுமா?"

"முடியாது. உங்க ஹோம்ல உங்களுக்கு மட்டும்தான் அனுமதி. நானே பாத்துப் பாத்து வச்சிருக்கேன்."

"உங்களால?"

"என்னாலயும் முடியாது."

ரூட் என்று ஒரு பயனர் உண்டு, நிர்வாகி, அவருக்கு எந்த அனுமதியும் தடையில்லை, அந்தக் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது என்றெல்லாம் விளக்க உட்கார்ந்தால் அரைமணி ஆகும். அவர் கேட்டது மனநிம்மதிக்காக. நிம்மதியைக் கொடுத்தேன். இதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 24, புதன்

எலுமிச்சை ஊறுகாய் பூத்துவிட்டது. உப்பு போதவில்லை.

அழகம்மை மாலை ஐந்தரைக்கு வந்து காதில் ஹெட்போனை மாட்டினால் ஏழு மணிவரை நிமிர்வதில்லை. முதலில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடியவர் இப்போது சரம் சரமாகத் தட்டுகிறார். நடுநடுவே நிறுத்தி, எழுதியதை வாசிக்கவிட்டுக் கேட்கிறார். அப்போது முகத்தில் ஒரு வெளிச்சம். என்ன எழுதுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை.

ஏப்ரல் 29, திங்கள்

வாராந்திர நகல் எடுத்தேன். தனி ஹார்டு டிஸ்கில். தமிழ் எழுத்துகள் உடையாமல் வந்திருக்கின்றனவா என்று சோதிக்க ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து பார்க்கவேண்டும். பட்டியலில் முதல் பெயர் அழகம்மை என்பதால் அதைத் திறந்தேன்.

எழுத்துகள் சரியாக இருந்தன. கடைசி வரிவரை சரியாக இருந்தன.

மே 3, வெள்ளி

அக்னி நட்சத்திரம் நாளைதான் ஆரம்பம், இன்றைக்கே தார் உருகுகிறது. வரும் வழியில் மூன்று பன்னீர் சோடா வாங்கிப் போனேன். வெயிலுக்கு இதமாக இருக்குமே என்று.

சவரிமுத்து, "எனக்கு கலர் வாங்கியிருக்கலாம்ல சார்," என்றார். ஹபீப் ஒரே மூச்சில் குடித்தார். அழகம்மை பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"பன்னீர் சோடா!" என்றார். பிறகு, "ஏன் சார் பன்னீர் சோடா?"

"சும்மாதான். வெயில்."

"வீட்ல வாங்கித் தர மாட்டாங்க. சளி புடிக்கும்பாங்க."

"அப்படியா?" என்றேன்.

பாட்டில் காலியான பிறகும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

மே 5

அக்கா ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பேசினாள். "என்னடா பூவராகா, குரல்ல ஒரு துள்ளல் தெரியுது?" என்றாள். கிழவியாகிவிட்டாள், காது அடைத்திருக்கும்.

மே 9, வியாழன்

ஹோமில் இடம் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்த்தேன். ஹபீபின் பாட்டுகள்தான் பாதி. மற்றவர்களுடையது எழுத்து மட்டுமே, ஒன்றுமில்லை.

அழகம்மை இன்று நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "வாரத்துல எத்தனை தடவை சார் நகல் எடுப்பீங்க?"

முன்பு ஒருமுறைதான், இப்போது அனேகமாகத் தினமும் எடுக்கிறேன் என்றேன்.

"தினமுமா? எல்லாரோடதுமா?"

"எல்லாரோடதும்தான்."

"ரொம்ப சிரமம் எடுத்துக்கறீங்க," என்றார்.

கணினி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதில் அவருக்கு ஆர்வம் வந்திருக்கிறது. அடுத்த மாதம் கட்டளை வரியைக் கற்றுக்கொடுக்கலாம்.

மே 14, செவ்வாய்

அழகம்மைக்கு அந்த பிளாஸ்டிக் நாற்காலி முதுகில் குத்துகிறதாம். ஏழு மணி ஆனதும் நிமிர முடிவதில்லையாம். என் வீட்டில் பிரம்பு நாற்காலி ஒன்று யாரும் உட்காராமல் கிடக்கிறது. காலையில் துடைத்து, ஆட்டோவில் ஏற்றி மையத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். பிளாஸ்டிக்கை வராந்தாவுக்குத் தள்ளினேன். அவருக்கு இன்று அலுவலகத்தில் ஏதோ கூட்டமாம், வரவில்லை. நாளை வந்து உட்காரும்போது பார்க்கவேண்டும்.

கியாஸ் பதிவு செய்தாயிற்று.

மே 15, புதன்

சவரிமுத்துவும் ஹபீபும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அழகம்மை வந்தார். வழக்கம்போல நாற்காலியின் முதுகைத் தொட்டார். கை அப்படியே நின்றது. பின்னலைத் தடவினார். கைப்பிடி இரண்டையும் தடவினார். உட்காரவில்லை.

"நாற்காலி மாத்தியிருக்கு," என்றார்.

"ஆமா. பிளாஸ்டிக்ல உக்காந்து உக்காந்து முதுகு போயிரும். பிரம்புன்னா காத்தோட்டமா இருக்கும்."

"என் முதுகுக்கு என்ன சார்?"

"நீங்கதானே சொன்னீங்க, குத்துதுன்னு."

"யார்கிட்ட?"

நாற்காலியில் இல்லாத தூசியைத் துண்டால் தட்டினேன்.

"எனக்கு முதுகுவலியே கெடையாது சார். பழைய சேரு நல்லாத்தான் இருந்துச்சு. திங்கக்கிழமை எழுதி வச்சேன், சேரு குத்துதுன்னு. வாயத் தொறந்து யார்கிட்டயும் சொல்லல."

நாற்காலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"பன்னீர் சோடா அன்னைக்கே சுருக்குனுச்சு. இல்ல, வெயிலுக்குத்தான் வாங்கியிருப்பாருன்னு நெனச்சேன். அப்படித்தான் இருக்கணும்னு நெனச்சேன்."

"அழகம்மை, நான் கெட்ட எண்ணத்துல..."

"தெரியும் சார். நல்ல எண்ணத்துலதான். அண்ணியும் நல்ல எண்ணத்துலதான் படிப்பாங்க. ஆனா அவங்க சத்தமாப் படிப்பாங்க. படிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும்."

வெள்ளைக் கோலை விரித்துக்கொண்டு வெளியே போனார். பஸ் நிறுத்தம்வரை வருகிறேன் என்றேன். கையை மட்டும் லேசாகத் தூக்கினார். நின்றுவிட்டேன்.

மே 16

காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. காய்ச்சல் இல்லை.

மே 18, சனி

எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் 29 அன்று எழுத்து உடைந்திருக்கிறதா என்று பார்க்க முதல் வரி போதும். நான் அன்று அவர் எழுதியிருந்த எல்லாவற்றையும் படித்தேன். மறுநாளும் படித்தேன். நகல் எடுப்பது சாக்கு. இடம் பார்த்தது சாக்கு. அவர் ஏழு மணிக்குக் கிளம்பியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரூட்டாக நுழைந்து, அன்றைக்கு எழுதியதைத் திறப்பேன். நாள் முழுக்க அதற்காகக் காத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

அவர் எழுதியதில் ரகசியம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் வளையல் சத்தம். அலுவலகத்தில் புதிதாக வந்தவர் இவரிடம் மட்டும் ஏன் உரக்கப் பேசுகிறார், கண்ணா காதா எது இல்லை என்று நினைக்கிறார் என்று ஒரு கேலி. பன்னீர் சோடா. இப்படித்தான். யாருக்கும் தெரிந்தால் மானம் போகிற விஷயம் எதுவும் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவர் என்னிடம் நேராகக் கேட்டார். நான் முடியாது என்றேன். நான் சொன்னதை நம்பித்தான் எழுத உட்கார்ந்தார்.

மே 20, திங்கள்

அழகம்மை வந்தார். மற்ற இருவரும் இல்லாத நேரம் பார்த்து, அலுவலகத்தில் அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினார்.

"என் பேர்ல இருக்கறத அழிச்சுடுங்க சார்."

"பென் டிரைவ்ல போட்டுத் தரட்டுமா? நீங்க எழுதுனதெல்லாம்..."

"வேண்டாம்."

"அத்தனையும் போயிரும், அழகம்மை."

"போகட்டும். நகல் எடுத்து வச்சதுலேருந்தும்."

அழித்தேன். அடைவோடு சேர்த்துப் பயனரை நீக்கும் கட்டளை ஒரே வரிதான். ஹார்டு டிஸ்கிலும் அழித்தேன். அழித்துவிட்டேன் என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

ஹெட்போனைக் கழற்றி, ஒலிபெருக்கியில் விட்டு, ஹோமில் உள்ள பெயர்களை வாசிக்கச் செய்தேன். தகரக் குரல் சொல்லிற்று: ஹபீப். சவரி. இன்னொரு முறை என்றார். இன்னொரு முறை சொல்லிற்று. தலையை ஆட்டினார்.

நான் பேச ஆரம்பித்தேன். குறியாக்கம் என்று ஒரு வழி இருக்கிறது, முதலிலேயே செய்திருக்க வேண்டும், அப்படிப் பூட்டினால் உங்கள் கடவுச்சொல் இல்லாமல் என்னாலும் திறக்க முடியாது, இன்றைக்கே செய்து தருகிறேன் என்றேன். முழுதும் கேட்டார்.

"பூட்டு நல்ல பூட்டாத்தான் இருக்கும் சார். போடறது நீங்கதானே."

வாசலில் நின்று திரும்பினார். "அவங்க ரெண்டு பேருக்கும் சொல்லிடுங்க. எனக்காக இல்ல. அவங்களும் நம்பித்தான் எழுதறாங்க."

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இரண்டு நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவர் போனபிறகுதான் அது ஞாபகத்துக்கு வந்தது.

மே 22, புதன்

சவரிமுத்துவிடமும் ஹபீபிடமும் சொன்னேன். ரூட் என்றால் என்ன என்று விளக்க அரைமணி ஆகவில்லை. ஐந்து நிமிஷம்தான் ஆயிற்று.

ஹபீப் உட்கார்ந்து தன் கடவுச்சொல்லை மாற்றினார். மாற்றினாலும் ரூட்டைத் தடுக்காது என்றேன். "இருக்கட்டும் சார்," என்று மாற்றி முடித்தார்.

சவரிமுத்து முதலில் சிரித்தார். "எனக்கு வந்த கல்யாண லெட்டரையே போஸ்ட்மேன்தான் சார் படிச்சுச் சொன்னாரு. நமக்கு இதெல்லாம் பழக்கம்." பிறகு, "என்னோடதையும் படிச்சீங்களா?" என்றார்.

"இல்ல."

"ஹபீபோடது?"

"இல்ல."

"ஏன் சார்? எங்களோடது மட்டும் ஏன் படிக்கல?"

பதில் சொல்லவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பி, கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர்கள் மௌனத்தையும் கேட்பார்கள்.

"சரி விடுங்க," என்றார் கடைசியில்.

ஜூன் 3, திங்கள்

மூன்று கணினிகளையும் முதலிலிருந்து நிறுவினேன். இனி பொது ஹோம் கிடையாது. ஆளுக்கு ஒரு கணினி, ஒவ்வொன்றிலும் குறியாக்கம் செய்த ஹோம். பழைய கோப்புகளை அவர்களே பென் டிரைவில் எடுத்து அவர்களே உள்ளே போட்டுக்கொண்டார்கள். கடவுச்சொல் தட்டும் நேரத்தில் நான் அறையை விட்டே வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இதிலும் ஒன்று சொல்லவேண்டி இருந்தது. அவர்கள் உள்ளே நுழைந்து வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் ஹோம் திறந்துதான் இருக்கும், அப்போது ரூட்டாக இருப்பவன் நினைத்தால் எட்டிப் பார்க்கலாம். சொன்னேன். சவரிமுத்து, "அப்ப ரூட்டு கடவுச்சொல்ல நான் வச்சுக்கறேன்," என்றார். பள்ளி திறந்து முதல் நாள், களைத்துப்போய் வந்திருந்தார், இருந்தும் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு மூன்று கணினிகளிலும் மாற்றினார். எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாவது கணினியை நிறுவும்போது பயனர் பெயர் என்ன என்று கேட்டது. பெயர் கொடுக்காமல் மேலே நகராது. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு 'மையம்' என்று அடித்தேன்.

ஜூன் 19, புதன்

கியாஸ் வந்தது. மூடி இறுகிக்கொண்டு திறக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வந்து திறந்தார்.

அழகம்மை கடைசியாக எழுதியவற்றில் என்னைப் பற்றி இரண்டு வரி இருந்தது. நாற்காலிக்கு முந்தைய வாரம். ஒரு மாதமாக அது மனப்பாடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. தானாகவே ஒரு நாள் என்னிடம் சொல்லியிருப்பாரோ என்னவோ. சொல்லாமலும் இருந்திருக்கலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அவர். நான் முந்திக்கொண்டேன்.

அந்த இரண்டு வரியை இங்கே எழுத மாட்டேன்.

ஜூன் 30

அக்கா பேசினாள். உடம்பு சரியில்லையா என்றாள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

காலை பத்து மணிக்கு சவரிமுத்து போன் செய்தார்.

"சார், அழகம்மை வீட்ல இருக்கேன். லேப்டாப் வாங்கியிருக்காங்க. லினக்ஸ் போட்டுத் தாங்கன்னு கூப்பிட்டாங்க. பேசிக்கிட்டே வருது, நானே போட்டுருவேன், இந்தப் பிரிக்கிற எடத்துல மட்டும் முழிக்கிறேன். உங்ககிட்ட கேக்கவான்னு கேட்டேன். கேளுங்கன்னாங்க."

"என்ன சொல்லுது?"

போனை லேப்டாப் அருகே கொண்டுபோனார். தகரக் குரல் வட்டின் அளவை வாசித்தது. சிஸ்டத்துக்கு எவ்வளவு, ஹோமுக்கு எவ்வளவு என்று சொன்னேன். அவர் எண்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே தட்டினார். பின்னால் குக்கர் விசில் சத்தம். யாரோ ஒரு பெண், அண்ணியாக இருக்கும், "அதுல படமெல்லாம் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"அடுத்து பேர் கேக்குது சார்."

"பயனர் பேர். அவங்க விரும்பறதக் குடுக்கலாம்."

விசைகள் ஒவ்வொன்றாக விழுவது கேட்டது. தட்டியது சவரிமுத்து இல்லை. அந்த வேகம் எனக்குத் தெரியும். எழுத்து ஒவ்வொன்றையும் தகரக் குரல் சொல்லிக்கொண்டே வந்தது, நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப கடவுச்சொல் சார்," என்றார் சவரிமுத்து. பிறகு போனைக் கையால் மூடியது தெரிந்தது. என்னவோ பேசினார்கள். கை விலகியது.

"சார், தப்பா நெனக்காதீங்க. போனை வச்சுடச் சொல்றாங்க."

"சரிதான். ஒண்ணே ஒண்ணு. கடவுச்சொல்லுக்குக் கீழயே ஒரு கட்டம் இருக்கும், ஹோமைக் குறியாக்கம் செய்யவான்னு. அதுல ஆமான்னு குடுக்கச் சொல்லுங்க. எழுதி வைக்க வேண்டாம், மனசுல வச்சுக்கணும்னும் சொல்லுங்க."

"சொல்றேன் சார்."

வைத்துவிட்டேன்.

கோப்புகள் நகலாக இருபது நிமிஷம் ஆகும். பிறகு ஒருமுறை அணைத்துப் போடவேண்டும். அப்போது ஏதாவது சிக்கல் வந்தால் கேட்பார்கள் என்று போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அரிசி களைந்தேன், உலை வைத்தேன், சாப்பிட்டேன். மாலைவரை அழைப்பு வரவில்லை. நல்லபடியாக முடிந்திருக்கும்.